தட்டாமல் திறக்கிற கதவு

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ இழுத்தார்கள். சர்ரென்று ஓர் இழுவை, மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி, மறுபடியும் சர். ஜோவிக்குப் பால் கொடுத்தபடி கட்டிலில் சாய்ந்திருந்த ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் வாயிலிருந்து மார் நழுவ, அது ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டுத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஊர் இன்னும் அடங்கவில்லை, முன்வீட்டுச் சண்முகத்தாய் மதினியின் டிவியில் நாடகம் முடிந்து சோப்பு விளம்பரம் ஓடுகிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, இந்த நேரத்தில் திருடன் வருவானா, வரமாட்டான், ஆனால் வரமாட்டான் என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில்தானே அவன் வருவான். புருஷன் தனிஸ்லாஸ் இருந்தால் எலி என்பான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஓர் எலி உண்டு. அடுப்படியில் ஏனம் உருண்டால் எலி, ஓட்டுக்கு மேல் சத்தம் கேட்டால் எலி, மனசுக்குள் என்னமோ பிறாண்டுது என்று ஒருநாள் அவள் சொன்னபோது, நல்லா தூங்கு ஜெசி, சரியாப் போயிரும் என்றான், அதுவும் எலிதான். இப்போது அவன் மில்லில் ராத்திரி ஷிப்டில் இருக்கிறான். விடிந்து, புருவத்தில் பஞ்சுத் தூசியோடு வருவான். அதுவரைக்கும் இந்த வீட்டில் அவளும், உட்காரக்கூடத் தெரியாத ஓர் உயிரும் மட்டும். மேல்தாழ் போட்டாயிற்று, கீழ்த்தாழ் போட்டாயிற்று. மில்லுக்குக் கிளம்பின அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை அது. ஆனாலும் என்ன, சத்தம் கதவு வழியாகவா வருகிறது? சுவர் வழியாக வருகிறது. சுவருக்கு எங்கே தாழ்ப்பாள்.

சர். நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடையக்காவின் வீடு. பாளையங்கோட்டையில் இந்த மாதிரி வளவுகள் இன்னும் சில இருக்கின்றன, ஒரு முற்றம், ஒரு வேப்பமரம், ஒரு குழாய், முற்றத்தைப் பார்த்தபடி நாலைந்து வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர்கள். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு வயசு சொல்லலாம். ஆவுடையக்கா தும்மினால் யாரும் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிக்கொள்வாள், 'நூறு எதுக்கு, இதுவே போதும்' என்று. சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடதுகால் சூம்பிப்போனவள். இரும்புப் பட்டை போட்ட பூட்ஸும் அக்குளில் ஒரு கட்டையுமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போய்வந்து, தாயைக் கடைசிவரைக்கும் பார்த்து, அனுப்பிவைத்துவிட்டு, இப்போது ஓய்வூதியத்தோடு தனியாக இருக்கிறாள். தனியாகத்தான் இருப்பேன் என்கிறாள். அதுதான் வளவில் பெரிய பேச்சு. புரட்டாசியில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வாசல் கதவு உள்ளே தாழ். கூப்பிட்ட குரல் வெளியே வரவில்லை. பால்பாக்கெட் வெயிலில் கிடந்து உப்பிப்போனதைப் பார்த்து, கடைசி வீட்டுப் பரமசிவம் சார் கடப்பாரை கொண்டுவந்து கதவை நெம்பித் திறந்தார். மறுநாள் மதுரையிலிருந்து தம்பி சங்கரலிங்கம் கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டார், அக்காவை ஏற்றிக்கொண்டு போக. 'உன் வீட்டு மாடில, படிக்கட்டு எறங்கத் தெரியாத நாய்க்குட்டி மாதிரி என்னய உக்கார வைக்கப் போறியாலே? நா வரல. எனக்கு வீடு இருக்கு' என்று அவள் சொன்னாள். அப்புறம் வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடி, ஆளுக்கொரு வாரம் முறை என்று வைத்தார்கள். முறைக்காரர் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும், சிலிண்டர் வந்தால் உருட்டிக்கொண்டுபோய் மாட்ட வேண்டும், காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்குமுன் ஒரு தடவை எட்டிப்பார்க்க வேண்டும். சங்கரலிங்கம் அரைமனசாக இறங்கிவந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. தாழ் போடக் கூடாது. ராத்திரியிலும் சும்மா சாத்திவைத்தால் போதும். 'இன்னொரு தடவ விழுந்தா நா கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிருவேன், ஆமா' என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசாரி வந்து நிலையைச் சரிசெய்து புதுத் தாழ்ப்பாள் ஒன்று அடித்தார். அடித்ததோடு சரி.

இது ஜெசிந்தாவின் வாரம். இன்றைக்கு ராத்திரி அவள் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. ஜோவி தூங்கட்டும் என்று இருந்தாள், அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள், உண்மையில் முற்றத்து லைட் ஃபியூஸ் போய் வேப்பமரம் ஒரே கறுப்பாக நிற்கிறது, அதைத் தாண்டிப் போக வேண்டும். சர். இந்தத் தடவை இழுவைக்குப் பின்னால் ஒரு முனகலும் கேட்டது. கேட்டதா, இல்லை அவளே முனகினாளா. சாமானை இழுக்கிற சத்தம் இல்லை இது. ஆள் தன்னைத்தானே இழுக்கிற சத்தம். விழுந்த உடம்பு தரையில் கையூன்றி, பின்பக்கத்தால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து கதவைத் தேடி வருகிற சத்தம். சேசுவே. விழுந்துவிட்டாள். என்னுடைய முறையில் விழுந்துவிட்டாள். நாளைக்குக் கார் வரும், அக்காவைத் துணிமூட்டை மாதிரி பின்சீட்டில் ஏற்றுவார்கள், அவள் வளவைத் திரும்பிப் பார்க்கும்போது எல்லார் முகமும் தெரியும், அதில் ஜெசிந்தாவின் முகமும் தெரியும். ஏம்மா, நீ பாக்கலியா என்று கேட்பார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருந்தேன். பால் கொடுக்கிறதுக்கு இவ்வளவு நேரமா. போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டுப் போகலாமா, புரண்டு விழுந்தால்? தூக்கிக்கொண்டு போகலாமா, அங்கே வேறு யாராவது இருந்தால்? விட்டுவிட்டுப் போகிற நேரத்தில்தான் ஏதாவது நடக்கும். தூக்கிக்கொண்டு போனாலும் நடக்கும். நடக்கிறதுக்கு என்ன, எப்படிப் போனாலும் நடக்கும். போய்ப் பார்க்க வேண்டும். காவல் தூதரான சம்மனசிடம் சொல்ல ஒரு செபம் உண்டு, கன்னியர் மடத்து விடுதியில் படுக்குமுன் வரிசையாக முழங்காலில் நின்று சொன்னது, அதன் முதல் வரியைப் பிடித்தாள், இரண்டாவது வரிக்குள் போனதும் விடுதிக்குள்ளேயே போய்விட்டாள்.

நீளமான கூடம், இரண்டு வரிசைக் கட்டில், பென்னட் சிஸ்டரின் டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு முகமாக இறங்கி ஏறும். அன்போடுதான் இறங்கும். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு சிஸ்டர் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டதை ஜெசிந்தா கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் அங்கே குளியலறைக் கதவு எதற்கும் தாழ் கிடையாது. எட்டாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு அவள் கேட்டாள். நல்ல பிள்ளைங்களுக்குத் தாழ் எதுக்கும்மா என்று சிஸ்டர் சிரித்தார்கள். அதனால் பிள்ளைகள் குளிக்கும்போது பாடுவார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம் பாட்டுத்தான். பல் நடுங்கும் மார்கழிக் குளிரிலும் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் தேவமாதா பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்து கேட்கும். சோப்பு கண்ணில் பட்டு ஒரு நொடி பாட்டு நின்றால், யாரோ ஒருத்தி கதவைத் தள்ளிவிடுவாள். ஐயோ சாரிடீ. நாலு வருஷம் அப்படிப் பாடினவளுக்குக் குரல் நன்றாக வந்துவிட்டது, பரிசுகூட வாங்கினாள்.

பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனபோது பாட வழியில்லை. எண்ணெய் தேய்க்க ஒருத்தி, வயிற்றை இறுக்கிக் கட்ட ஒருத்தி, பால் சுரக்கிறதா என்று பார்க்க அத்தைகள், சித்திகள், எதிர்வீட்டு ஆச்சியம்மாள். எல்லாரும் உதவி. ஒருத்தருக்கும் மனசில் கள்ளம் கிடையாது. கதவு திறந்தே கிடக்கும், ரவிக்கையும்தான். ஒருநாள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் கதவில் அடி விழுந்தது. 'ஏட்டி, உள்ள என்ன செய்யுத? ஜெசி! கதவத் தெற! ஐயோ, யாராவது வாங்களேன்!' அம்மா கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. திறந்து வெளியே வந்தவளை எல்லாரும் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றைக்கு ராத்திரி செய்தி கேட்டு வந்த தனிஸ்லாஸ் அவள் தலையைக் கோதிவிட்டுச் சொன்னான், 'இனிமே குளிக்கும்போது தாழ் போடாத ஜெசி, என்ன?' அந்த 'என்ன'வில் இருந்தது பிரியம். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது கவனித்தாள், அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

சர். பிறகு டொக்கென்று ஏதோ தரையில் பட்டது. கட்டை விழுந்திருக்கும். அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசித்தால் விடியும்வரைக்கும் யோசிப்பாள், அவளுக்கே தெரியும். ரவிக்கையை இழுத்து மாட்டி, ஜோவியைத் தோளில் போட்டு, போனை எடுத்துக்கொண்டு, கீழ்த்தாழ், மேல்தாழ், வெளியே. முற்றத்து மண் காலில் சில்லென்றது. வேப்பமரம் வேப்பமரமாகத்தான் நின்றது. ஆவுடையக்காவின் கதவிடுக்கில் வெளிச்சம். வளவில் யாரும் அவள் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் பாவம், பட்டையை மாட்டி, கட்டையை ஊன்றி எழுந்து வர வேண்டுமே என்று சண்முகத்தாய் மதினிதான் முதலில் சொன்னாள், எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அதனால் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். தண்ணீர்க் குடத்தோடு தள்ளுவார்கள், இட்லித் தட்டோடு தள்ளுவார்கள். பரமசிவம் சார் ஒருநாள் காலையில் அப்படித் தள்ளினபோது அவள் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவைத்துப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாளாம், மனுஷன் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆவுடையக்கா குழாயடியில் அதைச் சொல்லி வளவையே சிரிக்கவைத்தாள். 'என் கால முழுசாப் பாத்த மொத ஆம்பள அவருதான். இனி தாலி வாங்கிட்டு வரச் சொல்லுங்க.' மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு ஆவுடையக்கா சிரிக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை. கையை வைத்துக் கதவைத் தள்ளினாள். அது வரவில்லை.

தோளை வைத்துத் தள்ளினாள். ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து, எதிலோ முட்டி நின்றது. 'அக்கா! ஆவுடையக்கா!' உள்ளே மூச்சுவாங்கும் சத்தம். 'யாரு? ஜெசிந்தாவா? சத்தம் போடாதட்டி.' இடுக்கில் கண்ணை வைத்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு தகர டிரங்குப் பெட்டி. அதற்குப் பின்னால் தரையில் ஆவுடையக்கா, பெட்டியில் முதுகைக் கொடுத்து, நல்ல காலை எதிர்ப்பக்கம் உதைத்துக்கொண்டு, நைட்டியெல்லாம் வேர்வை, தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை ஒருபக்கம் கிடந்தது. விழவில்லை. உட்கார்ந்திருக்கிறாள். வேண்டுமென்றே உட்கார்ந்து, உள்ளறையிலிருந்து அந்தப் பெட்டியை முதுகால் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள், சர் சர் என்று, வாசல்வரைக்கும்.

'என்னக்கா இது?'

'என்னதுன்னா? பெட்டி. எங்கம்மைக்குச் சீதனமா வந்தது. கனம் கூடுதல்.' மூச்சை இழுத்துக்கொண்டாள். 'நீ வந்து எட்டிப்பாத்துட்டுப் போயி, வளவே தூங்கினப்புறம்தான் தள்ளுவேன். இன்னிக்கு உன்னயக் காணல. பிள்ளையோட நீயும் தூங்கிட்டபோல, இனி நீ வரமாட்டன்னு நெனச்சு ஆரம்பிச்சிட்டேன்.'

'டெய்லி தள்ளுதீங்களா?'

'தாழ் போட மாட்டேன்னு தம்பிகிட்ட ஒத்துக்கிட்டாச்சு, பெட்டி தள்ள மாட்டேன்னு சொல்லலல்லா. விடியுமுன்னால திரும்ப இழுத்துப் போட்டுருவேன், பால்காரன் வாரதுக்குள்ள. பாதி நாளு நீங்கள்லாம் வந்து, தூங்காத மொகமா இருக்கீங்களேன்னு கேப்பீங்கள்ல? பெட்டி இழுத்த மொகம் அது.'

கை ரெண்டும் பலம் குறைந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லியிருப்பது வளவு முழுக்கத் தெரியும். அந்தக் கையோடு, அந்த இடுப்போடு, ராத்திரிக்கு ஒருதரம் விடியலுக்கு ஒருதரம். விழாமல் இருப்பதற்காகத்தான் தாழ் வேண்டாம் என்றார்கள். இவள் இந்தப் பெட்டியோடுதான் ஒருநாள் விழப்போகிறாள். ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். 'சொல்லியிருக்கலாமேக்கா' என்றாள். சொன்னதும் அந்தச் சொல் தன்மேலேயே வந்து விழுந்தது. அவள் யாரிடம் சொன்னாள், பாட்டுப் பாடினாளே தவிர.

'என்னன்னு சொல்ல? வெறகு வெட்டுத கூலிக்காரி மாதிரி எனக்கு ஓடியாடிச் செய்யுதிய. சம்பளமா தாரேன்? ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல. அவங்ககிட்டப் போய், எய்யா, தட்டிட்டு வாங்கன்னு சொன்னா, இவளுக்கு வாயப் பாருன்னு தோணாதா? தோணாட்டியும் எனக்குத் தோணும்லா.' இடுக்கு வழியாகத் தெரிந்த முகத்தின் பாதி சிரிக்கப் பார்த்தது, வரவில்லை. 'ராத்திரி படுத்தா கதவையே பாத்துக்கிட்டிருக்கேன் ஜெசிந்தா. யாரும் தப்பா வரமாட்டாங்கன்னு தெரியும். ஆனா யாரும் வரலாம்லா. கண்ணு மூட மாட்டேங்கு.'

போன் அடித்தது. ஜோவி திடுக்கிட்டு உதறியது. சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று திரையில் வந்தது. முறைக்காரருக்கு ராத்திரி ஒரு போன் போடுவார், தவறாமல். எடுக்காமல் விட்டுவிடலாம். விட்டால் மதினிக்குப் போடுவார், மதினி ஓடிவருவாள், பெட்டியைப் பார்ப்பாள், வளவு கூடும், சங்கரலிங்கம் காரை எடுப்பார். எடுத்து, எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி என்று சொல்லலாம். எப்போதும் சொல்கிறதுதானே. சொல்லிவிட்டால் நாளைக்கும் பெட்டி, நாளன்றைக்கும் பெட்டி.

'ஜெசிந்தாம்மா, பாத்தாச்சா? கதவு தாழ் போடாமத்தான இருக்கு?'

'அண்ணாச்சி...' கணக்கு மிஸ் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் வருமே, அதே பயம். 'இனிமே அக்கா தாழ் போட்டுக்கிடுவாங்க.'

'என்னது?'

'நாந்தான் போடச் சொன்னேன்.' சொன்னாளா? இன்னும் சொல்லவே இல்லை. இப்போதுதான் சொல்கிறாள், அவரிடம் சொல்வதன் மூலமாக. 'தாழ் இல்லாம அவங்களுக்குத் தூக்கம் வரல அண்ணாச்சி. பொம்பள தனியா இருக்காங்கள்ல.'

'உங்களுக்கென்ன தெரியும்? நாளைக்கு விழுந்து கெடந்தா யாரும்மா பொறுப்பு? நீங்களா பொறுப்பு?' பொறுப்பு, பொறுப்பு, அந்தச் சொல் அவள் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இந்தப் பிள்ளைக்கே எப்படிப் பொறுப்பாக இருப்பது என்று தெரியவில்லை, அவர் சொல்வதும் சரிதான், மனுஷனுக்கு அக்காமேல் உசிர், கடப்பாரை வருகிறதுக்குள் உயிர் போயிருந்தால்? நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி என்று பின்வாங்க வாயைத் திறந்தாள். கதவிடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது. 'லைன எனக்குக் குடு.'

போன் உள்ளே போயிற்று. எக்ஸ்சேஞ்சில் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த குரல், பிசிறில்லாமல் வந்தது. 'ஏலே சங்கரா. நீ ராத்திரி தாழ் போட்டுத்தான படுக்க?... கேட்டதுக்குப் பதில் சொல்லுலே. போட்டுத்தான?... பின்னே? உன் வீட்ல அஞ்சு பேரு இருந்தும் போடுத. நான் ஒத்தையில கெடக்கேன்.' அந்தப் பக்கம் என்னமோ நீளமாகச் சொன்னார். ஆவுடையக்கா அதை முழுக்கக் கேட்டாள். அவள் குரல் தணிந்தது. 'விழுவேன் அய்யா. விழமாட்டேன்னு சொல்லல. விழுந்தா செவுத்தத் தட்டுவேன். தட்ட முடியலன்னா கதவ ஒடைக்கட்டும். கதவு என்னது, ஒடைஞ்சா நான் வேற போட்டுக்கிடுதேன். பொறுப்பு யாருன்னு அந்தப் பிள்ளையப் போட்டு வெரட்டாத. நாந்தாம்லே பொறுப்பு. அழாத. ஏலே, சங்கரா. சாப்பிட்டியா நீ?'

அப்புறம் ரெண்டு பேருமாகப் பெட்டியை நகர்த்தினார்கள். ஜெசிந்தா இடுக்கை அகலமாக்கி உள்ளே நுழைந்து, ஜோவியை அக்காவின் மடியில் கிடத்திவிட்டு, பெட்டியை உள்ளறையில் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். நிஜமாகவே கனம். திரும்பி வந்தபோது ஆவுடையக்கா பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள், 'உங்கம்மைக்கு வாய் இருக்குட்டி, பாத்தியா, எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்' என்று. பிள்ளையையும் போனையும் வாங்கிக்கொண்டு, கட்டையை எடுத்துக் கொடுத்தாள். தூக்கிவிடக் கை நீட்டி, நீட்டின கையை அப்படியே நிறுத்தி, 'பிடிக்கட்டுமாக்கா?' என்று கேட்டாள். இதுவரைக்கும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆவுடையக்கா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'பிடி' என்றாள்.

'காலையில மதினிகிட்டயும் சார்கிட்டயும் நான் பேசுதேன்க்கா. தட்டிட்டு வரச் சொல்லுதேன்.'

'நீ வெரலக் கடிச்சிக்கிட்டு நிக்காத. நானே சொல்லுதேன். நீ பக்கத்துல நில்லு, போதும்.'

வெளியே வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. மதினி வீட்டு டிவியை யாரோ அணைத்துவிட்டார்கள், முற்றத்தில் இருட்டு கூடிவிட்டது, தன்னுடைய வீட்டுக் கதவு அங்கே ஆவென்று திறந்துகிடக்கிறது, ஓடிப்போய் அடைக்க வேண்டும் என்று கால் துடித்தது. ஆனாலும் நின்றாள். உள்ளே கட்டை தரையில் ஊன்றும் சத்தம். பிறகு இரும்போடு இரும்பு உரசும் சத்தம். ஆசாரி அடித்த நாளிலிருந்து யாரும் தொடாத தாழ், பெயிண்ட் பிடித்து இறுகிக் கிடக்கிறது, பாதியில் நின்றுவிட்டது. பலமில்லாத கை. மறுபடி உரசியது. மறுபடி நின்றது. நான் வரட்டுமா என்பது ஜெசிந்தாவின் தொண்டைவரைக்கும் வந்தது, பிள்ளையின் உச்சந்தலையில் வாயை அழுத்திக்கொண்டாள். உள்ளே ஆவுடையக்கா தாழ்ப்பாளை என்னமோ வைதாள். ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் ஒரே தள்ளலில், நிலை அதிர, தாழ் முழுசாக உள்ளே போய் விழுந்தது.